நனைந்ததில் நீ எவ்வளவு

பந்தலூர் கல்யாண மண்டபத்தின்
தகரக் கூரைமேல் நாலாவது நாளாக மழை.
கீபோர்டுக்கு பாலித்தீன் போர்த்தியிருந்தார்கள்.
இரண்டாம் பந்தியில் பாயசம் வரும் நேரம்
மேடையிலிருந்து ஜெயசீலன்
என்னைக் கண்டுபிடித்துவிட்டான்.
"பாட்டு எழுதினவரே வந்திருக்கார்!
அந்த வரிக்கு அர்த்தத்தை
அவர் வாயால கேட்டுட்டு அப்புறம் பாடுவோம்."

எந்த வரி என்று நான் கேட்கவில்லை.
இருபது வருடத்தில் எனக்கு நின்றது
ஒரே வரி:
நனைந்ததில் நீ எவ்வளவு, மழை எவ்வளவு.

படத்தில் அதற்கு மூன்று டேங்கர் லாரித் தண்ணீர்.
வெள்ளைப் புடவை.
மற்றது உங்களுக்குத் தெரியும்.
பிறகு ஒரு சோப்பு கம்பெனி
காசு கொடுத்து வாங்கிக்கொண்டது.
விரகம் என்றார் ஒரு பேராசிரியர்.
ஜீவாத்மா பரமாத்மா என்றார்
இன்னொரு பேராசிரியர்.
நான் இருவருக்கும் தலையாட்டியிருக்கிறேன்.

மைக் லேசாக ஷாக் அடித்தது.
சொல்லிவிட்டேன்.

அது மழைப் பாட்டு இல்லைங்க, தராசுப் பாட்டு.
மெட்ராஸ் போவதற்கு முன் நான்கு வருடம்
ஏழாம் நம்பர் காட்டில்
கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தேன்.
ஈரக் கொழுந்து எடை கூடும்.
தண்ணீருக்குக் கம்பெனி கூலி தராது.
சாக்குக்கு இரண்டு கிலோ தள்ளு என்று உத்தரவு.
மழைக்கு இரண்டு.
பனிக்கு இரண்டு.
வெயில் அடித்தாலும்
கை பழக்கத்தில் இரண்டு.

சிவபாக்கியம் என்று ஒருத்தி.
இடுப்பில் படங்கு, கணுக்காலில்
அட்டைக்குத் தேய்த்த சோப்பு.
தராசு முள் இருபத்தொன்றில் நின்று நடுங்கும்.
பத்தொன்பது என்று எழுதுவேன்.
ஒருநாள் தலையில் போட்டிருந்த சாக்கை உதறிவிட்டு
"இதுல நான் எவ்வளவு, மழை எவ்வளவுன்னு
எப்படிங்க பிரிச்சீங்க?" என்றாள்.
கோபமாகக்கூட இல்லை.
தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல.

அன்று ராத்திரி லயத்துப் பக்கம் விளக்கு அணையும்வரை
ஜன்னலில் நின்றிருந்தேன்.
மறுநாள் அவளுக்கு மட்டும்
இருபத்தொன்றை இருபத்தொன்று என்றே எழுதினேன்.
எனக்குத் தெரிந்த காதல் அதுதான்.

சீட்டைப் பார்த்தாள்.
பின்னால் நின்ற வரிசையைத் திரும்பிப் பார்த்தாள்.
"எல்லாருக்கும் போடுங்க.
இல்லன்னா எனக்கும் தள்ளுங்க."
என் காதில் செருகியிருந்த பென்சிலை
அவளே எடுத்து நீட்டினாள்.

தள்ளினேன்.

கதாநாயகி நனைகிறாள், அவன் பார்க்கிறான்,
இதுதான் சிச்சுவேஷன் என்றார் டைரக்டர்.
எனக்குத் தெரிந்து நனைந்தவள் ஒருத்திதான்.
அவள் கேட்டதை எடுத்து
ஓர் ஆணின் வாயில் வைத்தேன்.
வழக்கு கொஞ்சலாகிவிட்டது.
அதற்குக் கொடுத்த பணத்தில்
மோட்டார் சைக்கிள் வாங்கினேன்.

மண்டபம் கைதட்டலாமா என்று யோசித்தது.
மாப்பிள்ளையின் தோழன் ஒருவன் தட்டினான்.
அப்போது பெண்கள் பந்தியில்,
ஊறுகாய் வாளிக்குப் பக்கத்தில்,
ஓர் அம்மாள் எழுந்து
மூக்குக்கண்ணாடியை முந்தானையில் துடைத்தாள்.
இருபது வருடம் கழித்தும்
குரலில் கோபம் இல்லை.

"ரெண்டு இல்லீங்க. மூணு."

உட்கார்ந்து
இலையில் விட்ட பாயசம் ஓடிவிடாமல்
விரலால் அணை கட்டினாள்.

கம்பெனி உத்தரவு இரண்டுதான்.
அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.
மைக்கைப் பிடித்தபடி
எழுதினவன் புத்தியில் அசை பிரித்துப் பார்த்தேன்.
ரெண்டு, தேமா.
மூணு, அதுவும் தேமா.
மெட்டு இடிக்கிறது என்று சொல்லவும் வழியில்லை.

கூரைமேல் மழை வலுத்தது.
ஜெயசீலன் என் கையிலிருந்து
மைக்கை மெதுவாகக் கழற்றிக்கொண்டான்.
பின்னால் டிரம்மர் குச்சிகளைத் தூக்கி
ஒன்றோடொன்று தட்டி
எண்ணத் தொடங்கினான்:
ஒன், டூ,